பதினைந்தாவது பிளக்

நேற்று நான் எத்தனை தரம் தேத்தண்ணி குடித்தேன் என்பது தெரிந்த மனிதர் இந்த டென்மார்க் நாட்டில் ஒரே ஒருவர்தான். அவர் வாற்ஸ். என்னைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் பெற்றவர்கள் ஓகூஸ் நகரத்தில் வேலை, பள்ளிக்கூடம், நீச்சல் வகுப்பு என்று ஓடித் திரிகிறார்கள். டொக்டர் கேட்டால் மூன்று கோப்பை என்று பொய் சொல்லிவிடுவேன். வாற்ஸிடம் அது எடுபடாது.

“ஆறு தரம் அக்கா. கடைசியா வைச்சது அரைக் கோப்பை” என்பார்.

“அரைக் கோப்பை எண்டு எப்பிடித் தெரியும்?”

“ஒண்டரை நிமிசத்தில கொதிச்சிட்டுதே.”

பல்ப் வாங்கப் போகிற சனம் அறுபது வாற்ஸ், நூறு வாற்ஸ் என்று கேட்குமே, அந்த வாற்ஸ்தான் அவருடைய பெயர். மன்னாரில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது வேறு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அது நாங்கள் இருக்கிற வைலே நகரத்தில் தபால்காரனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது கடிதமும் வருவதில்லை, ஆகவே அவனும் மறந்திருப்பான்.

மூன்றாம் மாடியில் என் கதவுக்கு எதிர்க்கதவு அவருடையது. இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடம் குளிரறை பார்த்து, பென்சன் எடுத்தவர். குளிர்ப்பெட்டியைப் பற்றி அவருக்கு வகுப்பு எடுக்க இந்த ஊரில் ஆள் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

கறண்ட் விலை ஊரெல்லாம் ஏறிய அந்த மாரியில்தான் எல்லாம் தொடங்கியது. டெனிஷ்காரர், தமிழர் எல்லோரும் போனில் பச்சை நேரம், சிவப்பு நேரம் பார்த்து உடுப்புத் தோய்த்தோம். பின்னேரம் ஐந்திலிருந்து ஒன்பது வரை சிவப்பு, விலை உச்சத்தில் நிற்கிற நேரம். அந்த நேரத்தில் கேக் சுடுகிற அவணைப் போட்டால் குற்றம் செய்த மாதிரி இருக்கும். அடுத்த வருடம் விலை இறங்கியது, சனமும் மறந்தது. வாற்ஸ் மறக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு குட்டி வெள்ளைப் பெட்டியும் ஒரு பை நிறையப் பிளக்கும் வாங்கிக்கொண்டு வந்தார். சுவருக்கும் சாமானுக்கும் நடுவில் அந்தப் பிளக்கைச் செருகிவிட்டால், அந்தச் சாமான் எத்தனை வாற்ஸ் தின்கிறது என்று போனில் கோடு கீறிக் காட்டும். போனில் தட்டினால் வைலேயில் இருந்துகொண்டே கொப்பன்ஹேகனில் இருக்கிற மின்விசிறியை நிற்பாட்டலாம்.

அவருடைய மனிசி செத்து ஒரு வருடம் ஆகாத நேரம் அது. ஏதோ ஒன்றில் கவனம் போகட்டும் என்று நினைத்து, என் வீட்டிலும் பூட்ட விட்டேன். என் மகன் தடுத்தான்.

“அம்மா, அந்த மனிசன் எங்கட வீட்டுக்குள்ள என்ன நடக்குதெண்டு பாப்பார்.”

“பாக்கட்டும். எனக்கும் விளங்கேல்லை, அவராவது பாத்துச் சொல்லட்டும்” என்றேன்.

வாற்ஸுக்குக் காசு ஆசை கிடையாது. பிறந்தநாளுக்கு வந்தால் கவர் கனமாகத்தான் இருக்கும். அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. ஆளில்லாத அறையில் விளக்கு, ஒருவரும் பார்க்காத ரீவி, சும்மா குந்தியிருந்து தின்கிற சாமான். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் ரீவிக்குப் பின்னால் கையை வைத்துச் சூடு பார்ப்பார். அதற்குப் பிறகுதான் “சுகமா இருக்கிறியளோ” என்று கேட்பார். டெனிஷ்காரர்மேல் அவருக்கு மரியாதை வந்ததே அவர்கள் கொளுத்துகிற மெழுகுதிரியால்தான்.

“பாருங்கோ அக்கா, எவ்வளவு அறிவான சனம். மெழுகுதிரிக்கு வாற்ஸ் இல்லை.”

கோடு வாசிப்பதில் அவரைப் போல நான் ஒருவரையும் கண்டதில்லை. தண்ணி கொதிக்கிற கேத்தில் போட்டால் கோடு சுவர் மாதிரி எழும்பி, சுவர் மாதிரி விழுமாம். பிறிஜ் நித்திரையில் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்குமாம். சோறு அவிக்கிற குக்கர் மேசை மாதிரியாம். கிறைண்டரோ, தபால்காரனைக் கண்ட நாய் குரைக்கிற மாதிரியாம். ஒரு வெள்ளிக்கிழமை நான் உழுந்து அரைத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது.

“அக்கா, நாளைக்குத் தோசையோ?”

“ஓம் தம்பி.”

“நான் சும்மாதான் கேட்டனான்.”

மறுநாள் காலமை ஒன்பது மணிக்குச் சும்மா கேட்டவர் கையில் சம்பல் போத்தலோடு வாசலில் நின்றார்.

எனக்கும் குறும்பு கொஞ்சம் கூட. அடுத்த வெள்ளிக்கிழமை கிறைண்டருக்குள் ஒன்றும் போடாமல் பத்து நிமிடம் ஓட விட்டேன். சனிக்கிழமை காலமை மணி அடித்தது. மனிதர் சம்பலோடு நின்றார். “தோசை இல்லைத் தம்பி, சும்மா ஓட விட்டனான்” என்றேன். அவர் கோபப்படவில்லை. என் கிறைண்டரைத் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், மணந்தும் பார்த்தார்.

“அதுதானே பாத்தன். உழுந்து இருந்தா நாய் இன்னும் கொஞ்சம் அடித்தொண்டையால எல்லோ குலைச்சிருக்கும். சந்தேகத்தோடதான் வந்தனான்.”

சந்தேகத்தோடு வந்தவருக்குக் கோதுமை மாவைக் கரைத்தாவது நாலு தோசை சுட்டுக் கொடுக்க வேண்டியதாய்ப் போயிற்று.

பிள்ளையார் விசயத்தில்தான் நாங்கள் சரியாக முட்டிக்கொண்டோம். என் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையாரைச் சுற்றிச் சின்னச் சின்ன லைட் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் பின்னேரம் திருநீறு பூசிக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறக்கிறேன், பிள்ளையாரைக் காணவில்லை. அறை இருட்டு. நேரே எதிர்க்கதவைப் போய்த் தட்டினேன்.

“தம்பி, எங்கட பிள்ளையாரை நிப்பாட்டினீரோ?”

“நிப்பாட்டேல்லை அக்கா. சிவப்பு நேரத்தில மட்டும் ஓய்வு குடுத்திருக்கிறன். ஏழு வாற்ஸ்.”

அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மாதா சுருவத்துக்கு முன்னால் நீலப் பல்ப் ஒன்று அமைதியாக எரிந்துகொண்டிருந்தது.

“உங்கட மாதாவுக்கு இருபத்திநாலு மணித்தியாலமும் வெளிச்சம். எங்கட பிள்ளையாருக்குப் பவர்கட்டோ? அவர் பெரிய உடம்புக்காரர் தம்பி. இருட்டுக்குள்ள எங்கையாவது இடறி விழுந்தா ஆர் தூக்கிறது?”

வாற்ஸ் திரும்பி மாதாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போனை எடுத்து என்னவோ தட்டினார். என் வீட்டுப் பிள்ளையார் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தார். அன்றிலிருந்து அவருடைய போனில் அந்தப் பிளக்குக்குப் பெயர், “பிள்ளையார், தொடக்கூடாது.”

இவ்வளவுக்கும் சிரித்தீர்கள்தானே. இனிச் சொல்லப்போவதற்கு அந்த நாளில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வாற்ஸுக்கு ஒரே பிள்ளை. பெயர் சுகி. வடக்கே ஓல்போர்க் நகரத்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை. புருசன் லொறி ஓட்டுகிறவர், கிழமையில் பாதி நாள் ஜேர்மனியில் நிற்பார். சுகியின் வீட்டிலும் தகப்பன் பதினைந்து பிளக் பூட்டியிருந்தார். கராஜில் ஒரு பெரிய பழைய பிறீசர் நின்றது. வெறுமையாகவே ஓடிக்கொண்டிருந்தது. “சும்மா தின்னுது, சும்மா தின்னுது” என்று அதைப் பற்றி இரண்டு வருடமாக முறையிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வைகாசியில் சுகியின் மகளுக்குப் புதுநன்மை. பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் ஆட்களுக்கு மண்டபம் எடுத்து, இருநூறு பேருக்குச் சொல்லி, சட்டை தைத்து, கலியாணத்துக்குக் கொஞ்சம் குறைவான கொண்டாட்டம். கொண்டாட்டம் என்றால் ரோல்ஸ் வேண்டும். ஆட்டிறைச்சியும் கிழங்கும் உள்ளே வைத்துச் சுற்றி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டி, பொரிக்காமல் பிறீசரில் அடுக்கிவிடுவோம். விழாவன்று பொரித்தால் போதும். வைலேயில் இருந்தும் ஓகூஸில் இருந்தும் பெண்கள் பத்துப் பேர் ஓல்போர்க் போய், சுகியின் குசினியில் ஒரு சனி, ஞாயிறு முழுக்க இருந்து நானூறு ரோல்ஸ் சுற்றினோம். எனக்கு மூன்று நாள் மணிக்கட்டு வீங்கியிருந்தது. எல்லாவற்றையும் கராஜில் நின்ற அந்தப் பழைய பிறீசருக்குள் அடுக்கினோம்.

அப்போது சுகி கேட்டாள், “அப்பாவுக்கு ஒருக்கா போன் எடுத்துச் சொல்லட்டோ, பிறீசருக்குள்ள சாமான் இருக்குதெண்டு?”

ஒருத்தி வாய் திறந்து, “ஐயோ வேண்டாம் பிள்ளை. சொன்னா பிறீசரை எப்பிடி அடுக்கிறதெண்டு ஒரு மணித்தியாலம் பிரசங்கம் வைப்பார். பேசாமல் விடு” என்றாள். குசினி முழுக்கச் சிரித்தது.

அந்த ஒருத்தி நான்.

வைலேயில் இருந்த வாற்ஸ் கோட்டைப் பார்த்திருக்கிறார். சூடாறாத நானூறு ரோல்ஸை ஒன்றாக அடுக்கினால் பிறீசர் மூச்சு விடாமல் ஓடத்தானே செய்யும். அவருக்கு அது தெரியாது. இரண்டு வருடமாக வெறுமையாய் நிற்கிற பிறீசர் திடீரென்று இரண்டு பங்கு தின்றால் என்ன அர்த்தம்? பழுதாகிவிட்டது. முப்பது வருடம் குளிரறை பார்த்த மனிதர் அப்படித்தான் நினைப்பார், வேறு எப்படி நினைப்பார்? நெருப்புப் பிடித்தாலும் பிடிக்கும் என்று புதன்கிழமை பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டி நிற்பாட்டினார். நிற்பாட்டியதை மகளிடம் சொன்னாரா? இல்லை. சொன்னால் பழைய சண்டை வரும், விழா முடியச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார். நாங்கள் அவருக்கு ஒளித்தோம், அவர் எங்களுக்கு ஒளித்தார்.

சனிக்கிழமை விடியச் சுகி கராஜைத் திறந்தபோது மணமே முதலில் வெளியே வந்ததாம். நானூறு ரோல்ஸும் ஒன்றோடொன்று ஒட்டி ஊறிப் போய்க் கிடந்தன. பிளக் நின்று கிடந்ததைக் கண்டவுடனேயே இது ஆருடைய பெருவிரல் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அன்று உதவிக்குப் போன நானும் பார்த்தேன். அந்த மணம் ஒரு கிழமை என் சால்வையில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருநூறு பேருக்குக் கேக்கும் சோடாவும், கடையில் கிடைத்த சொசேஜும் கொடுத்தோம். சனம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சனம் ஒன்றும் சொல்லாமல் விடுகிற விதம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை வெள்ளைச் சட்டையோடு நின்று, “அம்மா, ரோல்ஸ் எங்க?” என்று கேட்டபோது சுகி உடைந்துவிட்டாள். தகப்பனிடம் போனாள்.

வாற்ஸ் மன்னிப்புத்தான் கேட்க வந்தார். அது எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய வாயில் என்ன வந்தது தெரியுமோ?

“பிழைதான் பிள்ளை. ஆனா பிறீசரில பழுது இல்லை. இப்பதான் கோட்டைத் திரும்பப் பாத்தனான்.”

சுகி சத்தம் போடவில்லை. “அப்பா, வீட்டுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியாது. எத்தினை வாற்ஸ் எண்டு மட்டும்தான் தெரியும்” என்றாள். பிறகு போய்விட்டாள்.

அன்று பின்னேரமே தன் வீட்டுப் பிளக்குகளைக் கழற்றிப் பையில் போட்டு, “அப்பாட்டைக் குடுங்கோ மாமி” என்று என் கையில் தந்தாள். அதற்குப் பிறகு தகப்பனோடு கதைக்கவில்லை. போன் எடுத்தால் தூக்கவில்லை. இவரும் இரண்டு மாதம் எடுத்துப் பார்த்துவிட்டு, “இனி அவள் எடுக்கட்டும்” என்று ரோசத்தோடு இருந்துவிட்டார்.

பையை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாற்ஸ் மேசையில் கொட்டி எண்ணினார். இரண்டாம் தரமும் எண்ணினார்.

“பதினைஞ்சு பூட்டினனான் அக்கா. பதினாலுதான் இருக்குது.”

“எது இல்லை?”

போனைத் திறந்து பார்த்தார். அவருடைய முகத்தில் அன்றைக்கு முதல் தரம் கொஞ்சம் உயிர் வந்தது.

“கேத்தில். மைக்ரோவேவுக்குப் பின்னால இருக்குது. பாக்கேல்லைப் போல.” பிறகு மெதுவாக, “சொல்லிப் போடாதேங்கோ” என்றார்.

இந்த முறை ஒளிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. என்றாலும் ஒளித்தேன்.

அந்த ஒற்றைக் கோட்டோடு மனிதர் ஒன்றரை வருடம் இருந்தார். என் கிறைண்டரை மறந்தார், பிள்ளையாரை மறந்தார். நான் ஒரு நாள் ஏழு தேத்தண்ணி குடித்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே பயம் வந்துவிட்டது. காலமை சரியாக ஆறு மணிக்குப் போனும் கையுமாக யன்னலோரம் இருப்பார். சுகியின் கேத்தில் கோடு எழும்பி விழும். அதைப் பார்த்தபிறகுதான் முகம் கழுவப் போவார்.

என்றாலும் வாற்ஸ் வாற்ஸ்தானே. முறைப்பாடு இல்லாமல் இருப்பாரா?

“அக்கா, இவள் காலமை ரெண்டு தரம் கொதிக்க வைக்கிறாள். ஆறுக்கு ஒண்டு, ஆறு இருபதுக்கு ஒண்டு. முந்தி ஒருதரம்தான். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் இந்தப் பழக்கம்.”

“கூடக் குடிக்கிறாளாக்கும் தம்பி.”

“ஞாயிற்றுக்கிழமையும் ஆறுக்கு எழும்புறாள். பின்னேர வேலைக்குப் போற நாளிலையும் ஆறுக்கு எழும்புறாள். நித்திரை கொள்ளாமல் என்னத்துக்கு இந்தப் பிள்ளை எழும்பி ரெண்டாயிரம் வாற்ஸை வீணாக்குது?”

எனக்கும் விளங்கவில்லை. கவலையில் சிலருக்கு நித்திரை வராது, அப்படி ஏதோ என்று நினைத்தேன்.

கார்த்திகை மாதம் ஒரு காலமை ஏழரை மணிக்கு என் மணி விடாமல் அடித்தது. வாற்ஸ் ஜக்கெற்றை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு நின்றார்.

“கோடு இல்லை அக்கா.”

“எந்தக் கோடு?”

“சுகியின்ர. ஆறுக்கும் இல்லை. ஆறு இருபதுக்கும் இல்லை.”

“பிள்ளை ஒரு நாள் நித்திரை கொள்ளட்டும் தம்பி.”

“ஒண்டரை வருசத்தில ஒரு நாளும் விடேல்லை. காய்ச்சல் எண்டு நீங்கள் சொன்ன கிழமையிலையும் விடேல்லை.”

நான் சுகிக்குப் போன் எடுத்தேன். அடித்தது, தூக்கவில்லை. புருசனுக்கு எடுத்தேன். ஜேர்மனியில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறார், அவரும் தூக்கவில்லை. வாற்ஸ் படியில் இறங்கத் தொடங்கிவிட்டார்.

“வாறன், சப்பாத்துப் போடட்டும்” என்றேன்.

வைலேயில் இருந்து ஓல்போர்க் ரயிலில் இரண்டரை மணித்தியாலம். பதட்டத்தில் இவர் ஏறியது அமைதிப் பெட்டி. கதைக்கக்கூடாது என்று கண்ணாடியில் எழுதியே வைத்திருக்கிற பெட்டி. ஒரு டெனிஷ் அம்மா இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். வாற்ஸ் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓகூஸ் வருவதற்கு முன்னால் போன் இருண்டு போனது. சார்ஜ் இல்லை. ஏன் இல்லை? முதல் நாள் பின்னேரம் சிவப்பு நேரம், அதனால் போடவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அமைதிப் பெட்டிக்குள் அடக்கினேன்.

ஓகூஸில் ரயில் வந்த பக்கமே திரும்பி ஓடும். அதுவரை முன்னோக்கி இருந்தவர்கள் பின்னோக்கிப் போவோம். அப்படிப் பின்னோக்கிப் போகும்போது எனக்கு வாய் பொறுக்கவில்லை.

“தம்பி, அந்த ரோல்ஸ் விசயம். உமக்குச் சொல்ல வேண்டாம் எண்டு சுகியைத் தடுத்தது நான்தான்.”

“தெரியும்” என்றார்.

“எப்பிடி?”

“பத்துப் பொம்பிளையள் இருந்த குசினியில உங்கட வாய்தானே அக்கா பெரிசு.”

“தெரிஞ்சும் ஏன் அண்டைக்கு மண்டபத்தில அதை இழுக்கேல்லை? பாதிப் பழி என்னில வந்திருக்குமே.”

“இழுத்திருந்தா உங்களோடையும் அவள் கோவிச்சுக் கதைக்காமல் விட்டிருப்பாள். பிறகு ஆர் எனக்கு அவளின்ர சுகம் புதினம் கொண்டுவாறது?”

யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மழை, வயல், கறண்ட் எடுக்கிற காற்றாடிகள்.

“மனிசி செத்த அடுத்த மாசம் கறண்ட் கொம்பனியின்ர கணக்கைத் திறந்து பாத்தனான் அக்கா. வீடு தின்னுறது பாதியா விழுந்திருந்தது. அவள் அவிக்கிறது, தோய்க்கிறது, எனக்கெண்டு எரிய விடுற வாசல் லைட்டு, எல்லாம் சேத்து அரைவாசி. அண்டைக்குத்தான் விளங்கினது, அந்தக் கோடு ஆக்களின்ர கோடு எண்டு. சுகி சொன்னாள், எனக்கு ஆர் இருக்கினம் எண்டு தெரியாதாம். நான் வேற என்னத்தைப் பாத்தனான்?”

டெனிஷ் அம்மா மூன்றாம் தரமும் திரும்பினார். வாற்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சுகியின் வாசலில் மணி அடித்துவிட்டு வாற்ஸ் எனக்குப் பின்னால் போய் நின்றார். கதவு திறந்தது. சுகி. தலையில் ஈரத் துவாய். கையில் தோய்த்த உடுப்புக் கூடை. சுகமாக, முழுசாக, எரிச்சலோடு நின்றாள்.

“என்ன மாமி, சொல்லாமல் கொள்ளாமல்...” என்றவள் எனக்குப் பின்னால் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள்.

நான்தான் வாய் திறந்தேன். “போன் எடுத்தன் பிள்ளை, நீ தூக்கேல்லை.”

“போன் சத்தமில்லாமல் கிடந்தது மாமி, நான் பாக்கேல்லை. இண்டைக்கு லீவு. என்ன, ஆருக்கும் ஏதுமோ?”

வாற்ஸ் மெல்ல, “கோடு வரேல்லை” என்றார்.

“எந்தக் கோடு?” என்று கேட்கத் தொடங்கியவள் இடையில் நிறுத்தினாள். பிறகு நெற்றியில் கையை வைத்தாள்.

“நேற்றுப் புது இன்ரநெற் பெட்டி பூட்டினவங்கள் அப்பா. பிளக்கை அதோட சேக்க மறந்து போனன். நான் வழமை மாதிரி ஆறு மணிக்குக் கொதிக்க வைச்சனான்.”

வாற்ஸுக்கு உடனே மண்டையில் ஏறவில்லை. எனக்கு ஏறியது. நான் குசினிக்குள் போய்க் கேத்திலைத் தேடினேன்.

“உனக்கு... அந்தப் பிளக் இருக்கிறது தெரியுமோ?” என்றார் வாற்ஸ்.

“பதினாலு கழட்டினனான். பதினைஞ்சு பூட்டினீங்கள் எண்டு எனக்குத் தெரியாதோ?”

“அப்ப பிள்ளை,” என்றேன் நான், “ஆறு இருபதுக்குக் கொதிக்கிறது உனக்கு. ஆறு மணிக்குக் கொதிக்கிறது?”

“அப்பாவுக்கு.”

“அவர் வைலேயில எல்லோ இருந்தவர்?”

“ஆறு மணிக்கு எழும்பிப் போனைப் பாப்பார் மாமி. எனக்கு அவரோட கதைக்க ஏலாமல் இருந்தது. வாய் வரேல்லை. ஆனா நான் இருக்கிறன் எண்டு தெரியட்டும் எண்டு...”

ஒன்றரை வருடம், ஞாயிறும் காய்ச்சலும் பாராமல், அந்தப் பெண் விடிய எழும்பித் தகப்பனுக்குத் தண்ணி கொதிக்க வைத்திருக்கிறாள். தகப்பன் தொலைவில் இருந்து அதைப் பார்த்துவிட்டு, வீண் செலவு என்று என்னிடம் முறையிட்டிருக்கிறார்.

வாற்ஸ் குசினிக்குள் வந்தார். கேத்தில் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

“அதுக்கு ஏன் பிள்ளை வாய் முட்டத் தண்ணி விட்டனி? ஒரு கோப்பை அளவு விட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

சுகி சிரித்துக்கொண்டே அழுதாள். “கனநேரம் பாக்கட்டும் எண்டுதான் அப்பா” என்றாள்.

அன்றைக்கு மத்தியானம் வாற்ஸ் சட்டைக் கையை மடித்துவிட்டு, மைக்ரோவேவுக்குப் பின்னால் தலையை நுழைத்து, அந்தப் பதினைந்தாவது பிளக்கைப் புது இன்ரநெற் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தார். சுகி கேத்திலைப் போட்டாள். மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு போனைப் பார்த்தோம். கோடு சுவர் மாதிரி எழும்பியது. அதைப் பார்த்து நான் கை தட்டினேன் என்று அவர்கள் இன்றைக்கும் என்னை நக்கலடிக்கிறார்கள். பிறகு சுகி பிறீசரில் இருந்து ரோல்ஸ் எடுத்துப் பொரித்துத் தந்தாள். வாற்ஸ் ஆறு தின்றார். ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. நேரம் பின்னேரம் ஐந்தரை, சுத்தச் சிவப்பு.

மாரி முடிய அவர் ஓல்போர்க்கில் மகளின் வீட்டுக்குக் கிட்ட ஒரு வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதிர்க்கதவில் இப்போது ஒரு டெனிஷ் சோடி இருக்கிறது. நல்ல பிள்ளைகள், நிறைய மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். போகும்போது வாற்ஸ் என் வீட்டுப் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றினார். பிள்ளையார் இனி முழுச் சுதந்திரம். கேத்திலுக்குக் கிட்டப் போனவர் கையை எடுத்துவிட்டார்.

“இதொண்டு இருக்கட்டுமோ அக்கா?”

“இருந்தா என்ன, அது என்ன சோறோ கேக்குது?” என்றேன்.

நான் வழமையாக எழும்புவது ஏழு மணிக்கு. எழும்பினால்தான் தேத்தண்ணி. இந்த வயதில் அதற்கு முதல் எழும்ப எனக்கு ஒரு காரியமும் இல்லை. ஆனாலும் இப்போதெல்லாம் காலமை சரியாக ஆறு மணிக்கு எழும்பிப் போய்க் கேத்திலைப் போட்டுவிட்டு வந்து படுக்கிறேன். ஒரு கோப்பை அளவு தண்ணிதான் விடுவேன்.